மூன்றாவது இலை

லீலாவதி அத்தை மூன்றாவது முறையாக அறிவுச்செல்வனின் முதுகில் குத்தினாள். முதல் இரண்டு குத்துக்கும் அவனிடமிருந்து இருமல்தான் வந்தது.

"அழுதுடுடா. நெஞ்சுலயே கட்டி வச்சுக்கிட்டு நிக்காத. பெத்த அப்பண்டா!"

"வரல அத்த."

"வரலையாம். கேட்டீங்களாடி? வரலையாம்!"

பந்தலில் இருந்த பெண்கள் கேட்டார்கள். விக்கிரமங்கலத்தில் ஒருவன் அப்பன் சாவுக்கு அழாமல் நிற்பது டவுன் பஸ் நேரத்துக்கு வருவது போல. நம்ப வேண்டுமானால் நேரில் வந்து பார்க்க வேண்டும். வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர், வெங்காயம் நறுக்கி வைத்துப் பார்க்கலாமே என்றுகூட யோசனை சொன்னார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

காசிநாதன் வாத்தியார் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா. பழைய நாடகத்திலும் பாட்டிலும் மனிதன் தனியாக அழுவதில்லை, அவனுக்கு முன்னால் வானம் கறுக்கும், மரம் இலை உதிர்க்கும், கடல் புலம்பும் என்று முப்பத்திரண்டு வருடமும் பாடம் நடத்தியவர். அவர் போன நாளில் வானம் ஒத்துழைக்கவில்லை. கத்திரி வெயில் சுத்தமாக அடித்தது. கொல்லையில் இரண்டு மயில்கள் அவர் ஊன்றிய கத்தரி நாற்றை நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

புதிதாக வந்தவர்களுக்கு அத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"வாயி போயி எட்டு மாசம். வலது கையும் போச்சு. காலைல ஆறு மணிக்கு மூச்சு இழுக்குது. இவன் வாசப்படில நிக்கிறான். அண்ணன் இவனையேதான் பாத்துச்சு. இடது கையில ஒத்த வெரலத் தூக்குச்சு, எறக்குச்சு. மறுபடி தூக்குச்சு, எறக்குச்சு. வெளிய போடான்னு! சாவுற நேரத்துலயும் மன்னிக்கல பாருங்க."

இதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அறிவுச்செல்வனுக்குச் சிக்கல். அவனும் அப்படித்தான் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டு வெளியே போயும்விட்டான். தெருக்குழாய் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது, அம்மா கிருஷ்ணம்மாள் அப்பாவின் தலைமாட்டில் விளக்கேற்றத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள்.

மன்னிக்கவேண்டிய குற்றம் இரண்டு வருடத்துக்கு முந்தையது. தமிழ் படிக்கச் சொன்ன அப்பாவுக்குத் தெரியாமல் வேதியியல் படித்து, அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக் கூடத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்தான். சேதி தெரிந்த அன்று அப்பா சட்டை கூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஒரு காலத்துல கடலாக் கெடந்த பூமிடா இது. சுண்ணாம்புக் கல்லுல சிப்பி தெரியல? கடலும் கரையும் புலம்பலுக்குன்னே வச்ச நெலம். எத்தன பாட்டுல எத்தன பேரு அந்தக் கரையில நின்னு அழுதுருக்காங்க. அதப் போயி மாவாக்கி மூட்ட கட்டுறியா?"

"மூட்ட கட்டுறது வேற செக்சன்பா. நான் டெஸ்ட் மட்டுந்தான்."

இருவரும் பேசிக்கொண்ட கடைசி வசனம் அது. பிறகு பக்கவாதம் வந்தது. பேசாமல் இருப்பதற்கு அப்பாவுக்கு மருத்துவச் சான்றிதழே கிடைத்துவிட்டது. எட்டு மாதமாக, சாயங்காலம் தோறும் பைக்கில் வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டினான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். இன்று காலை மூச்சு நின்றுவிட்டது தெரிந்ததும் அவனுக்கு முதலில் தோன்றியது, இனி அந்தச் சுவர் பார்க்கும் முகத்துக்கு எதிரே உட்கார வேண்டாம் என்பது. இரண்டாவதாகத் தோன்றியது, இப்படித் தோன்றலாமா என்பது. அதற்குப் பிறகு ஒன்றுமே தோன்றவில்லை.

பதினோரு மணிக்குத் தெருமுனையில் ஒரு டிப்பர் லாரி வந்து நின்றது. அதிலிருந்து குதித்து, "ஐயா!" என்று தெருவிலேயே தொடங்கி, பெட்டியின் காலடியில் வந்து முடித்தார் இராமலிங்கம். பந்தலே ஒரு கணம் தன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தொழில் தெரிந்த அழுகை. ஆண்டு விழா தோறும் ஐயா எழுதிப் போட்ட நாடகத்தில் அரசனாக நடித்தவர் அவர். பிளஸ் டூவில் தவறிப் பள்ளியை விட்ட பிறகும் இரண்டு வருடம் வந்து செத்துக் கொடுத்தார். அவ்வளவு அழகாகச் சாக ஊரில் வேறு ஆள் இல்லை.

அந்த நாடகங்களில் அறிவுச்செல்வன் மரம். அரசன் போரில் காயம்பட்டு வந்து ஒரு வேப்பமரத்தடியில் விழுவான். சாக்குப் பைக்குள் நின்றுகொண்டு, கிளை மாதிரி நீட்டிய கையிலிருந்து அவன் வேப்பிலையை விட வேண்டும். முதலில் ஒன்று. பத்து எண்ணி இன்னொன்று. பத்து எண்ணி மூன்றாவது. அது விழுந்த பிறகுதான் ராணி அழலாம். "மனுசன் அவசரப்படுவான். மரம் அவசரப்படாது. மொதல்ல அது அழுவட்டும்" என்பார் அப்பா. சாக்கில் கண்ணுக்கு ஓட்டை போடவும் விடமாட்டார். மரத்துக்கு எதற்குக் கண்?

வாத்தியாரைத் தூக்கிக்கொண்டு சுடுகாடு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. விறகும் வறட்டியும் அடுக்கும் வரை ஆண்கள் கிடைத்த நிழலில் ஒதுங்கினார்கள். அங்கே இருந்த ஒரே வேம்பின் கீழ் அறிவுச்செல்வன் தனியாக நின்றான். இராமலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"என்ன மரம், இப்டி நிக்கிற?"

பள்ளிக்கூடம் விட்டு இத்தனை வருடம் ஆகியும் அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"அத்த சொன்னதக் கேட்டீங்கல்லண்ணே."

"கேட்டேன். எந்த வெரலு?"

"ஆள்காட்டி வெரலு."

"எப்டிச் செஞ்சாரு? செஞ்சு காட்டு."

அறிவுச்செல்வன் இடது கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி, ஒற்றை விரலைத் தூக்கினான். மெதுவாக இறக்கினான்.

"இன்னொருக்கா செய்யி."

செய்தான். இராமலிங்கம் சிரித்துவிட்டார். வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடப்பாவி, அது போன்னு இல்லடா. ஒனக்கு சிக்னலு."

"என்ன சிக்னலு?"

"நான் சாவுற சீன்ல ஐயா ஓரத்துல நின்னுக்கிட்டு இதத்தாண்டா காட்டுவாரு. மரமே, மொத எலைய விடுன்னு. நீ சாக்குக்குள்ள நின்ன, ஒனக்கு எங்க தெரியும்? கீழ கெடக்குற நான் பாத்துட்டு ஒன் கால்ல ஒரு எத்து விடுவேன். அப்பறம்தான் நீ விடுவ."

எத்து ஞாபகம் இருந்தது. கணுக்காலில் விழும். விழுந்தால் இலையை விட வேண்டும். அந்த எத்துக்குப் பின்னால் ஒரு விரல் இருந்தது என்று அவன் யோசித்ததே இல்லை.

"இல்லண்ணே. போன்னுதான் சொல்லிருப்பாரு."

"யார்கிட்ட? கிளாஸ விட்டு எத்தன தடவ என்னைய வெளிய அனுப்பிருக்காரு, எனக்குத் தெரியாதா? போன்னா முழுக் கையையும் வீசுவாரு. ஈ ஓட்டுற மாதிரி. ஒத்த வெரலு ஒனக்கு மட்டுந்தான்."

அறிவுச்செல்வன் தன் விரலைப் பார்த்தான்.

"நான் வெளிய போயிட்டேண்ணே."

"போனா? நீ என்னைக்குடா நேரத்துக்கு உதுத்த? ஜெயங்கொண்டம் போட்டியில நான் செத்து ஒரு நிமிசம் மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன், ஒன் எலைக்காவ. எறங்குனதும் ஒன்னய மிதிக்கலாம்னுதான் வந்தேன். ஐயா வந்து குறுக்க நின்னுக்கிட்டு, 'வுடுடா, எம் புள்ள மரம் மாதிரியே நிக்கிறான். பொணந்தான, காத்துக் கெடக்கட்டும்'னாரு."

அத்தை குத்திய இடம் இப்போதுதான் வலித்தது. காலையிலிருந்து மூச்சைப் பாதியிலேயே நிறுத்தி வைத்திருந்ததும் இப்போதுதான் தெரிந்தது. அறிவுச்செல்வன் மீதியையும் இழுத்துவிட்டான். வேப்பம்பூ வாசம் வந்தது.

"மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்க" என்று குரல் கேட்டது.

அவன் கையை உயர்த்தி, எட்டிய கொத்தில் மூன்று இலையை மட்டும் கிள்ளிக்கொண்டான். அடுக்கின் மேல் அப்பா முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தார். சுவர் பக்கம் திரும்பாமல் நேராக மேலே பார்த்தபடி. பங்காளிகள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டு விலகினார்கள். கொள்ளிக்குடம் தண்ணீரோடு தயாராக இருந்தது. முகத்தை மூடுவதற்கான கடைசி வறட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுக்கியவர் அவனைப் பார்த்தார்.

"ஆச்சாப்பா?"

"இருங்க" என்றார் இராமலிங்கம். பிறகு அவன் கணுக்காலில் காலால் ஒன்று வைத்தார். பழைய இடம் தப்பவில்லை.

அறிவுச்செல்வன் கையை நீட்டி ஒரு இலையை விட்டான். அது அப்பாவின் நெஞ்சில் விழுந்தது.

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது எந்த முறை என்று யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் வீட்டு வழக்கமாக இருக்கும் என்று சும்மா இருந்தார்கள். சாலையில் ஒரு லாரி சுண்ணாம்புக் கல்லை ஏற்றிக்கொண்டு போனது. அவன் பத்து எண்ணினான். இரண்டாவதை விட்டான். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். ஐந்துக்கோ ஆறுக்கோ மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. முகத்தை ஒரு தடவை உள்ளங்கையால் வழித்துவிட்டு, கையை மறுபடி நீட்டினான்.

"மூணாவது?" என்றார் இராமலிங்கம், உதடு அசையாமல்.

வீட்டில் தலையில் ஊற்றிய தண்ணீர் வரும் வழியிலேயே காய்ந்துவிட்டிருந்தது. வேட்டியும் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அறிவுச்செல்வன் விரல்களை விரித்தான். கையைக் கவிழ்த்து லேசாக உதறியும் பார்த்தான். இலை ஈரமான உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு, விழமாட்டேன் என்றது.