மூன்று விரல் குட்டை

வாயுச் சுடர்க்குழாயைப் பற்றவைத்துக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார் ஆல்பின். துப்பாக்கிக் குழலை மரப்பிடியிலிருந்து கழற்றி மேசையில் கிடத்தியிருந்தார். அதைச் சூடாக்கிப் பழுப்புச் சாயம் தடவிவிட்டால் துப்பாக்கி முடிந்தது.

அது மகன் ரெஜிஸ் தொடங்கிய துப்பாக்கி. மனைவி மோரா அவனைவிட்டுப் பிரிந்த வருஷம், இலையுதிர் காலம் முழுக்க அவன் இந்த கராஜில்தான் இருந்தான். பெட்டியில் உதிரிகளாக வந்ததை ஒவ்வொன்றாக அராவிப் பொருத்தினான். பிறகு ஒருநாள் அப்படியே பரணில் போட்டுவிட்டு ஈரி நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். சுட்டாயா என்று கேட்டதற்கு, வெடிமருந்தே வாங்கவில்லை என்றான். வீட்டுக்கு வருவதும் அரிதாகிவிட்டது. கிறிஸ்துமஸ் கழிந்து, கல்லில் தீப்பொறி எழுப்பிச் சுடும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும் திறக்கும் மான் வேட்டைக் காலத்தில், பனியில் மகன் தன் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பது ஆல்பினின் ஆசை. அவனுக்குச் சொல்லாமல் பரணிலிருந்து இறக்கி வேலையை முடித்துக்கொண்டிருந்தார். இன்று மத்தியானம் அவன் வருகிறான்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி தெக்லா மேசையைப் பார்த்தாள். குழலுக்குப் பக்கத்தில், அதன் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இடித்து இறக்கும் கோல் கிடந்தது. கோலின் ஒரு முனையைக் குழலின் அடியோடு சேர்த்துவைத்து, மறுமுனையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"மூணு விரல் குட்டை. கண்ணாடிய மாட்டிக்கிட்டு அளந்தா குறைஞ்சா போயிடுவ?"

"வெளிய வச்சு யாரு அளந்தா? குழலுக்குள்ள விட்டு, வாய்க்குச் சமமாத்தான் வெட்டினேன்."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அடிவரை போன கோல் எப்படி மூன்று விரல் குறையும்? உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது.

சுடரை அணைத்தார். வேட்டைக்காரன் எவனும் பழைய குழலைத் தொட்டதும் முதலில் கோலை உள்ளே விட்டு, வெளியேயும் வைத்து, மருந்து ஏறியிருக்கிறதா என்று பார்ப்பான். சுடாத புதுக்குழல்தானே என்று அவர் பார்க்கவில்லை. இத்தனை நாளும் அதன் வாயைத் தன் வயிற்றில் முட்டுக்கொடுத்து அராவியிருக்கிறார். மரப்பிடியோடு சேர்க்கும் ஆணிக்குத் துளையிடும்போது வாய்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டவள் தெக்லா.

அவளை உள்ளே போகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் போய்விட்டாள்.

குழலின் வாயில் தண்ணீர் ஊற்றி, அடிமுனையைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி ஊறவிட்டார். கோலின் நுனியில் திருகாணி மாட்டி உள்ளே விட்டுத் திருகி இழுத்தார். துணி சுற்றிய ஈயக்குண்டு வந்தது. பின்னாலேயே நனைந்த வெடிமருந்து கரிய சேறாக ஒழுகியது. துணியில் நீலக்கோடு. ரெஜிஸின் பழைய சட்டை.

குண்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வேறொன்று ஞாபகம் வந்தது. பரணிலிருந்து இறக்கிய அன்று, குழலுக்கு வெளியே தீப்பொறி விழும் மருந்துக் கிண்ணியில் கருகல் இருந்தது. பையன் தீப்பொறி விட்டு விளையாடியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் துடைத்தார். அதையே நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாரோ, வெளியே கார் நின்ற சத்தம் கேட்கவில்லை.

ரெஜிஸ் வாசலில் நின்றான். துப்பாக்கியை அவன் பார்க்கவில்லை. குண்டைத்தான் பார்த்தான்.

"இத ஏன்ப்பா எறக்கின?"

"மருந்தே வாங்கலேன்னியே."

"ஒரு தடவைக்குப் போட்டேன்."

"மானுக்கா?"

வாளியில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மான் வேட்டைக்கு அந்த வருஷம் அவன் லைசென்ஸ் எடுக்கவில்லை என்பது ஆல்பினுக்குத் தெரியும்.

"கிண்ணி மட்டும் எரிஞ்சுச்சு. உள்ள பத்தல," என்றான். "அப்புறம் எனக்குப் பயமாயிடுச்சு. அதைத் திரும்பத் தொடக் கை வரல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல."

"இப்ப?"

"இப்ப சாகணும்னு தோணலப்பா. ஈரியில ஒரு டாக்டர்கிட்ட போய்ப் பேசிக்கிட்டிருக்கேன்."

ஆல்பின் குழலைப் பார்த்தார். கிண்ணியின் நெருப்பு உள்ளே போக வேண்டிய துளையில் இரும்புப் பிசிர் அப்படியே இருந்தது. மயிரிழைதான் வழி; அதனால்தான் அன்று நெருப்பு உள்ளே போகவில்லை. போன வாரம் இதைப் பார்த்துவிட்டு, துளையைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன் எதற்குத் துப்பாக்கி விற்கிறான் என்று உதிரிகள் அனுப்பிய தொழிற்சாலைக்காரனை வாயில் வந்தபடி திட்டியிருந்தார். இன்று சாயம் காய்ந்ததும் அகலப்படுத்துவதாக இருந்தார். அதற்கான ஊசித் துரப்பணம் மேசையில் தயாராகக் கிடந்தது.

அதை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார்.

தெக்லா உள்ளிருந்து கூப்பிட்டாள். முட்டைக்கோஸ் ஆறிப்போகிறதாம். ரெஜிஸ் போகத் திரும்பினான். அப்போதுதான் அவன் சட்டைக் கையைத் தன் விரல்கள் பிடித்திருப்பது ஆல்பினுக்குத் தெரிந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர் விடவில்லை.