மோதிரத்துக்குள் இருந்த பெயர்

சம்பியன் பட்டத்துக்கு விலை ஐந்நூறு டொலர். சொன்னவன் நான்தான். பத்துக் கரட் தங்கம், ஆறரைப் பவுண் நிறை. எங்கள் சனம் அந்தத் தங்கத்தில் கைக்குழந்தைக்குத் தோடுகூடச் செய்விக்காது.

மோதிரத்தைக் கொண்டுவந்தவன் டெறல் என்ற அமெரிக்கன். கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருக்கும் என் நகைக்கடைக்குள் தலை குனிந்து நுழைந்தவன் அவன் ஒருவன்தான். அதுவும் வாசல் நிலை பதிவு, ஆள் நெட்டை என்பதால். இன்டியானாவில் இரும்பாலை மூடிப்போன ஊர் ஒன்றில் பிறந்து, பெரிய லீக்கில் ஒரேயொரு பருவம் கூடைப்பந்து ஆடியவன். ஆடினான் என்பதும் என் தாராளம். பதினொரு ஆட்டம், நாற்பத்துமூன்று நிமிடம், பதினேழு புள்ளி. மிச்ச நேரமெல்லாம் மைதான ஓரத்து வாங்கில் இருந்தான். அந்த வருடம் அணி சம்பியனானது, வாங்கைச் சூடாக்கியவனுக்கும் உள்ளே அவன் பெயர் வெட்டிய சம்பியன் மோதிரம் கிடைத்தது. பிறகு வெனிசுவேலா, துருக்கி, பிலிப்பைன்ஸ். 2006இல், முப்பத்துமூன்று வயதில், ஆட்டத்துக்கு முந்நூறு டொலர் தரும் இங்கத்தைய சின்ன அணி ஒன்று.

வலது முழங்கால் உள்ளே கிழிந்திருந்தது. இன்னொருமுறை குதித்தால் கால் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒப்பரேஷனுக்கு எட்டாயிரம், இந்த நாட்டு மருத்துவ அட்டை அவனிடம் இல்லை.

"ஐநூறா? டொரொன்டோவில ஒருத்தன் ஒன்பதாயிரம் தாறன் எண்டவன்," என்றான் டெறல் ஆங்கிலத்தில்.

"அப்ப அவனிட்டைப் போவன்."

"அவன் வர மூண்டு கிழமை ஆகும். வாடகை நாளைக்கு."

ஐந்நூறைக் கொடுத்து மோதிரத்தை அடைவு பிடித்தேன். மூன்று வாரம் அவன் விளையாடாமல் காலை நீட்டிக்கொண்டு கிடந்தான். பிறகு ஒருநாள் போன் எடுத்தான். ஆள் நாளைக்கு வருகிறானாம், என் கடையிலேயே விற்கலாமாம், என் காசை அதிலேயே கழிக்கலாமாம்.

"அருமைராசா," என்று பத்தரைக் கூப்பிட்டேன். "அந்த மோதிரத்தை வாங்க நாளைக்கு ஆள் வருகுது. விக்கிற மாதிரி ஆக்கி வையுங்கோ."

எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்னொருவர் பெயர் வெட்டிய நகையை எங்கள் சனம் வாங்காது; யார் வீட்டுக் கண்ணீரோ என்று தள்ளி வைக்கும். ஆகவே பெயரை அராவி, மெருகு போட்டுத்தான் விற்போம். முப்பது வருடமாக அருமைராசா செய்த வேலை.

மறுநாள், டெறலும் பக்கத்தில் நிற்க, டொரொன்டோக்காரன் மோதிரத்தின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். "பெயர் எங்கே?"

"ஒரு எழுத்தும் தெரியாது அண்ணை," என்றார் அருமைராசா என்னிடம், பெருமையாக. "வடிவா எடுத்திட்டன்."

மொழிபெயர்த்தேன். வந்தவன் மோதிரத்தை மெதுவாகக் கண்ணாடி மேசையில் வைத்தான். "பெயருக்குத்தான் ஒன்பதாயிரம். இப்ப இது ஆருடையதும் இல்லை."

அவன் போனபின் டெறல் கத்தவில்லை. கத்தியிருந்தால் பேரம் பேசியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை.

"ரண்டாயிரம் தாறன்," என்றேன்.

"அதுக்குக் கால்வாசி முழங்கால் வெட்டுவாங்களோ, பொஸ்?"

இரும்புப்பெட்டியில் அன்று பதினோராயிரம் இருந்தது. நான் திறக்கவில்லை.

சனிக்கிழமை அவன் ஆடினான். எட்டு டொலர் டிக்கெட் எடுத்துப் போனேன். ஆறு நிமிடம், நாலு புள்ளி. மூன்றாவது முறை கூடைக்கு எழும்பி இறங்கும்போது கேட்ட சத்தம், நான் இருந்த வரிசைவரை வந்தது.

அவனுடைய தங்கை ஊரிலிருந்து காரில் வந்து அவனை ஏற்றிப்போனாள். பின்சீற்றில் கால் நீட்டிக் கிடந்தவனிடம் மோதிரத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"வச்சிரு. அதில என்ர பேர் இல்லை."

பத்தர் அரத்தூளை எறிவதில்லை, பொட்டலம் கட்டி வைத்திருந்தார். நிறுத்துப் பார்த்தேன். கால் கிராம்; இரண்டரை டொலர்.

டெறல் எனக்குத் தரவேண்டியது ஐந்நூறு. கணக்கில் வெட்டிவிட்டேன். நான் அவனுக்குத் தரவேண்டியது: பெயர் ஒன்று, முழங்கால் ஒன்று. நிலுவை.