கேட்காமல் பாடிய பாட்டு

கோதண்டத்தின் தலைமாட்டில் ஜெகதீஷ் ஸ்பீக்கரை வைத்து, ஐஸ் பெட்டியின் ஒயர் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதன் ஒயரையும் செருகினான். "சித்தி, கேளு. சித்தப்பா பாடுவாரு."

தாட்சாயிணி நிமிர்ந்து பார்த்தாள். கொரட்டூர் பக்கம் எந்தச் சாவு வீடானாலும் கானா பாடப் போனவர் அவள் புருஷன் கோதண்டம். நேற்று மாரடைப்பில் போனார். அதற்குள் அவருடைய பழைய பாட்டுகளை ஏ.ஐ.யிடம் கொடுத்து, தன் சாவுக்குத் தானே பாடுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான் அவர் அண்ணன் மகன்.

அதே கரகரப்பு. "பொண்டாட்டி புள்ளைய உட்டுட்டுப் போறேனே" என்று குரல் இழுத்ததும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

கோதண்டம் மெஷினுக்கு மிரண்டவர் இல்லை. டோலக்கோடு போனிலும் பீட் போட்டுக்கொள்வார். எக்கோ மைக் இல்லாமல் கிளம்ப மாட்டார். ஆனால் எந்த வீட்டிலும் தரையில் உட்கார்ந்து, யார் யார் இருக்கிறார்கள், போனவருக்கு என்ன பிடிக்கும் என்று அரை மணி நேரம் விசாரிக்காமல் டோலக்கைத் தொட்டதில்லை.

"எனக்கு ஏதுடா புள்ள?" என்றாள்.

ஜெகதீஷ் பாட்டை நிறுத்தினான். வேறு யாருக்கோ பாடிய வரி அப்படியே வந்துவிட்டதாம். இரண்டே நிமிடத்தில் மாற்றிவிடுவதாகச் சொன்னான்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். ஆஸ்பத்திரி, வேண்டுதல், மாமியார் பேச்சு எல்லாம் ஓய்ந்த பிறகும் அவர் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. யாராவது கிளறினால், "ஊட்ல நாங்க ரெண்டு பேரு கீறோம், போதும்" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

ஜெகதீஷ் போனில் ஏதோ தட்டினான்.

"கொள்ளி போட புள்ள இல்லாத பாவி நான் போறேனே..."

அச்சு அசல் அவர் குரல். பெண்கள் முன்னைவிடச் சத்தமாக அழுதார்கள்.

தாட்சாயிணி எழுந்து போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பாட்டு நின்றது. ஐஸ் பெட்டியின் உறுமலும் நின்றது.

பெட்டி ஆஃப் ஆகிவிட்டது என்று ஜெகதீஷ் பதறிக்கொண்டு கையை நீட்டினான். அவள் ஒயரைக் கொடுக்கவில்லை.

"மொதல்ல அத்த எட்துகினு வெளிய போ. அப்பறம் சொருகறேன்."

அவன் போகும்வரை ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு செருகிவிட்டு வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவர் வாய்க்கு நேரே படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணி, நேற்று அவள் கட்டிய முடிச்சு மாறாமல், அப்படியே இருந்தது.