குரொயிவாவின் பிடரி

மர ஜன்னல் வழியே விடியல் கோடு கோடாக இறங்குகிறது. நடுவில் வட்டமான மண்களம். சுற்றிலும் இருபது வெற்றுடம்புகள். உடம்புகளிலிருந்து ஆவி எழுகிறது. டோக்கியோவில் ஜனவரி.

அந்த மண்ணின் ருசி லுவ்சனுக்குத் தெரியும். உப்பு. இரும்பு. கொஞ்சம் அவனுடைய ரத்தம்.

பதினெட்டு வயதில், மங்கோலியாவிலிருந்து சுமோ மல்லனாக வந்தான். ஜப்பானிய மொழியில் மூன்று சொல் தெரியும். முதல் வாரம், பயிற்சிக்கூடத்தின் மூத்த சீடன் குரொயிவா அவன் எதிரே வந்து நின்றான். "பேசுடா" என்றான். லுவ்சனுக்குப் பேச வரவில்லை.

குரொயிவா ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் வாயில் திணித்தான். "மெல்லு. மென்னுட்டுப் பேசு, ஆட்டுக்கறி."

அன்றிலிருந்து அதுதான் அவன் பெயர். ஆட்டுக்கறி, தரையைத் துடை. ஆட்டுக்கறி, அரிசியைக் கழுவு. எல்லோரும் தின்று முடித்த சட்டியில் அடிக்குழம்பு மிஞ்சும். அதுதான் சோறு.

மூங்கில் கம்பு முதுகில் இறங்கும்போதெல்லாம் அவன் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்றுதான். "நன்றிண்ணே."

நன்றிண்ணே. மழையில். நன்றிண்ணே. பனியில். நன்றிண்ணே. செர்ரி பூத்து உதிர்ந்த ஐந்து வசந்தங்களிலும்.

ஆறாம் ஆண்டு அவன் மேலேறினான்.

சுமோவில் வயதுக்கு மதிப்பில்லை, தரவரிசைக்குத்தான். மேல் வரிசைக்குப் போனவன் இடுப்பில் கறுப்புக் கச்சை போய் வெள்ளைக் கச்சை வரும். தனி அறை வரும். கூடவே ஊழியம் பார்க்கக் கீழ்வரிசை மல்லர்கள் வருவார்கள்.

லுவ்சனுக்கு யார் வேண்டும் என்று கூடத்தின் தலைவர் கேட்டார். "குரொயிவா" என்றான். யோசிக்கவே இல்லை.

குரொயிவாவுக்கு அப்போது முப்பது வயது. கீழ்வரிசையிலேயே காது சுருங்கி, மூக்கு மடங்கிப் போனவன். குளியலறையில் மண்டியிட்டு, ஆட்டுக்கறியின் முதுகைத் தேய்த்தான்.

"சூடு போதுமாங்க?"

அந்த 'ங்க'. அதைக் கேட்கத்தான் ஐந்து வசந்தம் காத்திருந்தான் லுவ்சன். "போதாது" என்றான். "இன்னும் ஊத்து."

செருப்பை எடுத்து வை, குரொயிவா. குடையைப் பிடி, குரொயிவா. மழையில் குடை முழுவதும் லுவ்சன் தலைக்கு மேல். குரொயிவாவின் தோளில் மழை. லுவ்சன் வேண்டுமென்றே மெதுவாக நடந்தான்.

அடிக்கவில்லை. ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடித்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று பயந்தான்.

நான்கு வருடம் போனது அப்படி.

பிறகு ஒரு ஜூலை. நகோயா நகரம், வெந்து கிடந்த அரங்கம். எதிரே நின்றவன் அந்த ஊர்ப் பிள்ளை. "மங்கோலியாவுக்கே போடா!" என்று மேலே எங்கிருந்தோ ஒரு குரல். பிறகு பல குரல்கள்.

மோதினார்கள். களத்தின் விளிம்பில் லுவ்சனின் வலது முழங்கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பின. நூற்றைம்பது கிலோ அவன்மேல் விழுந்தது.

கைதட்டல். அடைமழை மாதிரிக் கைதட்டல். மல்லாந்து கிடந்தபடி அவன் அதைக் கேட்டான்.

நடைபாதையில் குரொயிவா நின்றிருந்தான், துண்டோடு. லுவ்சனை எட்டு பேர் தூக்கி வந்தார்கள். குரொயிவா முழங்காலைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. உதட்டோரம் மெல்ல ஏறியது.

அறுவை சிகிச்சை. ஆடாத போட்டித் தொடர்கள் ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் தரவரிசையில் பெயர் கீழே இறங்கியது. இலையுதிர்ந்து பனி கொட்டியபோது வெள்ளைக் கச்சையைத் திருப்பிக் கொடுத்தான். அறையைக் காலி செய்தான். அவன் படுக்கையைப் பொதுக்கூடத்துக்குத் தூக்கி வந்தவன் குரொயிவாதான். கடைசி ஊழியம்.

தொப்பென்று போட்டான். "கழிப்பறை நாறுது. போய்க் கழுவுடா, ஆட்டுக்கறி."

மறுநாள் களத்தில் லுவ்சன் அவனை அழைத்தான். "வாங்கண்ணே."

குரொயிவா வலது முழங்காலைத்தான் குறிவைத்தான். விழுந்தான் லுவ்சன். எழுந்தான். மறுபடி முழங்கால். மறுபடி மண். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எண்ணுவதை நிறுத்தினார்கள். கடைசியாக ஒரு தடவை லுவ்சன் ஒற்றைக் காலை ஊன்றி, குரொயிவாவை மரச்சுவரோடு சேர்த்து நசுக்கினான். குரொயிவாவின் பல்லொன்று மண்ணில் விழுந்தது.

"நாளைக்கு" என்றான் குரொயிவா, ரத்தத்தைத் துப்பி.

"நாளைக்கு" என்றான் லுவ்சன்.

எத்தனையோ நாளைக்கு. நொண்டிக் காலோடு அவனைத் தினமும் எழுப்பியது அந்த ஒரு சொல்தான்.

முப்பத்தெட்டாம் வயதில் குரொயிவா ஓய்வு பெற்றான். ஓய்வு பெறும் மல்லனின் குடுமியை வெட்டி எடுப்பது வழக்கம். நாற்காலியில் உட்காரவைத்து, கூடத்து ஆட்கள் வரிசையாக வந்து அவன் குடுமியில் ஆளுக்கொரு கத்தரி வைத்தார்கள். லுவ்சனின் முறை வந்தது.

கையில் கத்தரிக்கோல். எதிரே திறந்து கிடந்த பிடரி. இத்தனை வருடத்தில் அதை அவன் பார்த்ததே இல்லை. மடிப்பு மடிப்பாக, மண்ணேறிக் கறுத்து, கிழவனின் பிடரி போல இருந்தது.

நாலு மயிரை வெட்டினான்.

"முடிஞ்சுதா?" குரொயிவா திரும்பவில்லை.

"முடிஞ்சுதுண்ணே."

"அப்ப நகரு. அடுத்தவன் நிக்கிறான்."

மறுநாள் விடியலில் லுவ்சன் களத்தில் இறங்கினான். எதிரே யாரும் இல்லை. மூலையில் கைப்பயிற்சிக்கு நட்ட மரக்கம்பம் மட்டும். அதன்முன் போய் நின்று உள்ளங்கையால் அறைந்தான். வலது கை, இடது கை. வலது, இடது. தோல் கிழியும்வரை அறைந்தான்.

கம்பம் திருப்பி அடிக்கவில்லை.