சுதாகர் பெயருக்கு அர்ச்சனை

தன் புருஷன் ஜெயிலில் இருக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணாவது சாமி கும்பிடுவாளா? நளினி ஏழு மாதமாக அதைத்தான் கும்பிட்டாள். அதுவும் பர்மா ஜெயில்.

அந்தமானின் லாங் ஐலண்டில் இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. என்ஜின் நின்றுபோன டிங்கிப் படகு கிழக்கே இழுபட்டால் பர்மாவில் கரையேறும், பிடித்து உள்ளே போடுவார்கள், ஒன்றிரண்டு வருஷத்தில் ஆள் திரும்பிவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மே மாதக் கடைசியில் மீனுக்குப் போன சுதாகரும் அவன் அண்ணன் முத்துராஜும் அப்படித்தான் இழுபட்டார்கள். ஐந்தாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் முத்துராஜை மட்டும் கொண்டுவந்து சேர்த்தது.

"ரெண்டாம் நாளே ஒரு பர்மா போட்டு வந்துச்சும்மா. ஒருத்தருக்குத்தான் எடம்னுட்டான். ஆள் கூட்டியாறேன்னு தம்பி ஏறிப் போயிட்டான்" என்றார் அவர், படகுத்துறை ஜெட்டியில் காத்துநின்ற நளினியிடம்.

போலீஸ்காரர்கள் நம்பினார்களோ இல்லையோ, நளினி நம்பினாள். ராமநாதபுரத்திலிருந்து அவள் அம்மா வாரம் தவறாமல் போனில் அழுதாள். "கப்பலுக்கு டிக்கெட் போடுறேன், பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு." புருஷன் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று நளினி மறுத்துவிட்டாள். முத்துராஜ்தான் அரிசி கொண்டுவந்து போட்டார், மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்றினார், "வந்துருவான்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் தினமும் நினைத்துக்கொண்டாள்.

ஜனவரி முதல் தேதி காலையில் முருகன் கோவிலில் குடும்ப அர்ச்சனை. வீட்டுக்கு மூத்தவர் எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல வேண்டும். போன வருஷத்துக்கு நன்றி, வருகிற வருஷத்துக்கு ஆயுள். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. செத்தவர்களுக்கு அமாவாசை இருக்கிறது. பூசாரி திருநாவுக்கரசு மற்ற நாட்களில் ரேஷன் கடையில் வேலை பார்ப்பவர். கார்டு நம்பர் கூப்பிடுகிற அதே வேகத்தில் மைக்கில் பெயர்களை வாசித்துத் தள்ளுவார்.

உயிரோடு வைத்ததற்கு நன்றி, இந்த வருஷம் விடுதலை கொடு. இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நளினி வரிசையில் நின்றாள். அவன் பெயரை மைக்கில் கேட்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

"ஜல்தி சொல்லுங்க, பின்னாடி லைன் நிக்குது" என்றார் பூசாரி.

"முத்துராஜ், மகம். ஜெயமணி, சுவாதி. கௌதம், பூசம். நளினி, ரோகிணி. திவ்யா, ரேவதி."

முத்துராஜ் அதோடு நிறுத்திவிட்டார்.

"தம்பி பேரு?" என்று கேட்டார் பூசாரி.

முத்துராஜ் தட்டிலிருந்த தேங்காயை நகர்த்தி வைத்தார். மறந்துவிட்டாராக்கும் என்று நளினி, "அத்தான், அவரு பேரு" என்று எடுத்துக்கொடுத்தாள். அவர் முருகனையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் கௌதமோடு பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஜெயமணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அதைப் பார்த்ததும் நளினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எப்ப அத்தான்?"

பூசாரி மைக்கை அணைத்தார்.

"ரெண்டாம் நாள் சாயங்காலம். கடத்தண்ணியக் குடிச்சிட்டான், சொல்லச் சொல்லக் கேக்கல. மறுநா நாந்தான் கடல்ல எறக்கி விட்டேன்." தட்டைப் பூசாரியிடம் நீட்டினார். "ஜெட்டியில உம் மூஞ்சியப் பாத்தேன். வாயில பர்மா வந்துருச்சு. அப்புறம் மாத்த முடியல. ஆனா இங்க நின்னு அவனுக்கு ஆயுசு கேக்க முடியலம்மா."

பாவி. ஏழு மாதம்! ஆனால் அந்தப் பொய்யை வைத்துத்தான் அவள் ஏழு மாதம் சோறு தின்றாள், தூங்கினாள், பிள்ளைக்குத் தலை வாரினாள். அவரை அறைய வேண்டும் என்றும் இருந்தது, காலில் விழ வேண்டும் என்றும் இருந்தது.

"க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சு என்பதை வரிசையில் யாரோ இந்தியில் கேட்டார்கள்.

"எப்படித் தாயி செய்யட்டும்?" என்றார் பூசாரி, மெல்ல.

"இருக்கவங்களுக்குப் பண்ணுங்க சாமி."

மைக் மறுபடி உயிர்பெற்றது. திருநாவுக்கரசு முதல்முறையாக நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஐந்து பெயர்கள். நளினியின் ஏழு வயது மகள் திவ்யா மட்டும் கூப்பிய கையை இறக்காமல், ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடி ஆறாவது பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.