தண்ணீர் ஊற்றாத அம்மை

லோகேஸ்வரனின் உடம்பில் செம்புள்ளிகள் கிளம்பிய காலையிலேயே அவன் அம்மா கோவிந்தம்மாள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்பெல்லாம் சிவப்பு, தொட்டால் சுடுகிறது, சித்திரை வெயில் வேறு. இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வந்துட்டியா தாயே" என்றாள். முந்தின நாள் வரைக்கும் "எந்திரிடா எரும" என்று அவனை எழுப்பிக்கொண்டிருந்தவள்.

வந்திருப்பது தாயில்லை என்று அந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் பாயில் படுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான்.

திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் லோகேஸ்வரன். ஒரு வருடமாக அவன் கைகால்களில் அரிக்கும் பொரிகள். சொறிந்தால் புண்ணாகும், ஆறினால் கறுப்புத் தழும்பாகும், பக்கத்திலேயே புதிதாக இரண்டு கிளம்பும். முதலில் கொசு என்றான். பிறகு ஆட்டோ சீட்டின் ரெக்சின் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். கத்தரிக்காயை நிறுத்தினான், கருவாட்டை நிறுத்தினான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், தடவினால் இரண்டு நாள் அடங்கும், அப்புறம் வட்டியோடு திரும்பி வரும். கடைசியில் ஒரு தோல் டாக்டர் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கொசு வேலை இல்லை, ரத்தம் பார்த்துவிடலாம் என்றார். பார்த்தார்கள். எச்.ஐ.வி. இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாயுடுபேட்டை ரோட்டில் லாரி ஓட்டிய காலத்துச் சம்பாத்தியம் அது. அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அதற்கப்புறம் அவன் செய்ததைத்தான். ரிசல்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும் சவாரியைக்கூட அடுத்த வண்டிக்குத் தள்ளிவிட்டான். அங்கே கவுன்சிலராக இருக்கும் ரேகா போன் மேல் போன் போட்டு அவனை வரவழைத்தாள். தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிற பெண். மாத்திரையைக் கையில் கொடுத்துப் படித்துப் படித்துச் சொன்னாள்.

"ஒரு நாள்கூட விடக்கூடாது. இது எச்.ஐ.வி.க்கு. இந்த வெள்ளை மாத்திரை வேற கிருமி வராம இருக்க. ஒடம்புல தடிப்பு தடிப்பா வந்தா மட்டும் அன்னைக்கே இங்க வந்துடணும். அதோட ஜுரம், வாய்ப்புண்ணு, கண்ணு செவப்பு சேந்துச்சுன்னா ஒரு மணி நேரம்கூட வீட்ல இருக்கக்கூடாது, அர்த்தமாயிந்தா, புரிஞ்சுதா?"

"ஆயிந்தி மேடம்."

"பாரியாவை எப்போ கூட்டிட்டு வருவீங்க? அவங்களுக்கும் டெஸ்ட் பண்ணணும்."

"அடுத்த வாரம் மேடம்."

அடுத்த தடவை கேட்டபோதும் அடுத்த வாரம் என்றான். அதற்கடுத்த தடவை, அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றான். அவன் பெண்டாட்டி ஹரிப்ரியா எந்த ஊருக்கும் போகவில்லை. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறை அறையாகப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கைக்குக் கீழேயும் அதே பொரிகள் இருந்தன. "லாட்ஜ் சோப்புத் தூள் ஒத்துக்கல மாமா" என்று ராத்திரியானால் அவனுடைய ட்யூபை வாங்கித் தடவிக்கொள்வாள். மூடியைத் திறந்து கொடுப்பவன் அவன்தான்.

இதெல்லாம் தெரிந்துதான் பாயில் படுத்திருந்தான். இப்போது வந்திருப்பது அந்தப் பழைய பொரி இல்லை, மாத்திரைத் தடிப்பு என்பது காலையில் கண்ணாடியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று சொன்னால், எந்த ஆஸ்பத்திரி என்பார்கள். எதுக்கு என்பார்கள். ஒன்றைத் தொட்டால் ஒன்பது வரும். அம்மா வேப்பிலையைச் செருகியபோது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. பாவி மனுஷன், ஆத்தாளின் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

அம்மை வந்த வீட்டுக்கு என்ன சட்டமோ அதெல்லாம் நடந்தது. தாளிப்பு நின்றது. தலை சீவுவது நின்றது. ஹரிப்ரியா லாட்ஜுக்கு லீவு சொல்லிவிட்டு வேப்பங்கொத்தால் அவனுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்றும் வரைக்கும், அதாவது அம்மை இறங்கி வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிக்க வைக்கும் வரைக்கும், அவன் வாசற்படியைத் தாண்டக்கூடாது. மருந்து மாத்திரை பேச்சே கூடாது.

"ஆத்தா இருக்குற ஒடம்புல மாத்திர பட்டா கோவிச்சுக்குவா" என்றாள் கோவிந்தம்மாள்.

மாத்திரை அட்டைகள் அவன் தலையணை உறைக்குள் இருந்தன. யாரும் பார்க்காதபோது இரண்டையும் எடுத்து இளநீரோடு விழுங்கினான். ஒரு நாளும் விடக்கூடாது என்று ரேகா சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. தடிப்பு வந்தால் ஓடி வா என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. எதைச் செய்ய வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாமோ அதைச் செய்தான். விழுங்க விழுங்கத் தடிப்பு கழுத்தேறி முகத்துக்கு வந்தது. "ஆத்தா முத்துப் போடுறா பாரு" என்று கோவிந்தம்மாள் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா வரலட்சுமி இளநீரோடு வந்தாள். அவள் சாதாரண ஆளில்லை. மோட்டார் ஐந்து நிமிடம் கூட ஓடினால் தெருவே கேட்கப் பேசுவாள். போன வருஷம் பின்போர்ஷனில் இருந்த ஒரு குடும்பத்துக்கு 'அந்த நோய்' என்று யாரோ கிளப்பிவிட, விசாரிக்கக்கூட இல்லாமல் அவர்களுடைய பாத்திரங்களை வாசலில் எடுத்து வைத்தவள் அவள்தான். அந்தப் பாத்திரங்களைத் தன் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டவன் லோகேஸ்வரன்.

அந்த வரலட்சுமி இப்போது தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பாயின் ஓரத்தில் மண்டியிட்டு, "தல்லீ, கங்கம்மா" என்று அந்த ஊர் அம்மனைத் தாயே என்று கூப்பிட்டு அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறதாம். ஒரு வாக்கு வேண்டுமாம்.

லோகேஸ்வரனுக்குக் கூச்சத்தில் கால் உள்ளிழுத்தது. இழுத்தால் ஆத்தா கோபித்தாள் என்பார்கள். தலைமாட்டிலிருந்து ஒரு வேப்பிலையை எடுத்து அவள் கையில் வைத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இதே உடம்பு, இதே தோல். பேர் மட்டும் மாறினால் இதே கை தன் பாத்திரத்தையும் தூக்கி வாசலில் வைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவள் போய்ச் சொல்ல, தெருவில் இன்னும் நாலைந்து பேர் வந்து அவன் காலைத் தொட்டு வேப்பிலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வாய்க்குள் புண் வந்துவிட்டது. கூழ் இறங்கவில்லை. கண் மிளகாய்த் தூள் விழுந்ததுபோல் எரிந்தது. ரேகா சொன்ன ஒவ்வொன்றும் வரிசையாக வந்து சேர்ந்திருந்தது. செத்தாலும் அம்மையில் செத்தவன் என்ற பேரோடு போகலாமே என்றுகூட அவனுக்குத் தோன்றியது. மனுஷப் புத்தி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

ஹரிப்ரியா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கோவிந்தம்மாள் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஹரிப்ரியா உட்கார்ந்து, அவன் கழுத்தில் மெல்லத் தடவினாள். பிறகு தடவுவதை நிறுத்திவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று சிரித்தாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளே?"

"இன்னா?"

அவள் வளையலை மேலே ஏற்றிவிட்டுத் தன் கையை அவன் முன்னால் நீட்டினாள். "இந்த அரிப்பு போகவே மாட்டேங்குது. எல்லாரும் வந்து உன்கிட்ட வேப்பல வாங்கிக்கினு போறாங்க. எனக்கு மட்டும் இல்லியா? உன் கையால இத்த எடுத்துத் தடவிவுடு. ஆத்தா கை பட்டா சரியாப் பூடும்."

பாதி விளையாட்டு, பாதி நம்பிக்கை. கையை நீட்டியபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் கை கிண்ணத்துக்குள் போயிற்று. விரலில் பச்சை மஞ்சள் ஒட்டியது. அவளுடைய கையில் புதுப் பொரிகள், பழைய தழும்புகள், நகம் பட்டுத் தோல் கிழிந்த இடங்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் தன் கை இருந்த மாதிரியே இருந்தது. விரல் அதைத் தொடவில்லை.

"ஹரி, இது ஆத்தா இல்ல."

அவள் பதறிக் கண்ணைத் திறந்தாள். "வாய மூடு. கன்னத்துல போட்டுக்கோ."

"ஆத்தா இல்ல. மாத்திர ஒத்துக்காம வந்தது."

"இன்னா மாத்திர?"

தலையணை உறைக்குள் கைவிட்டு அட்டைகளை எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் பேரைப் படித்துப் பார்த்தாள், புரியவில்லை. எதுக்கு என்று அவனைப் பார்த்தாள். எச்.ஐ.வி. என்றுதான் சொல்லணும் என்று ரேகா சொல்லிக்கொடுத்திருந்தாள். அவன் வாயில் தெருவில் சொல்கிற பேர்தான் வந்தது.

"எய்ட்ஸ்."

அட்டைகள் அவள் மடியிலேயே கிடந்தன. பின்பக்கம் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்படி வந்தது, யார் கிட்டேயிருந்து வந்தது என்று அவள் கேட்பாள் என நினைத்து, அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தான். அவள் அதைக் கேட்கவில்லை.

"எவ்ளோ நாளாத் தெரியும்?"

"தை மாசத்துலர்ந்து."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்போ இது?"

"எனக்கும் இப்டிதான் ஆரம்பிச்சுது."

"தெரிஞ்சுக்கினேவா எனக்கு ட்யூப் மூடியத் தொறந்து குடுத்த?"

அவன் விரலில் ஒட்டிய மஞ்சளைப் பாயில் துடைத்துக்கொண்டான். அடித்திருந்தால் தேவலை. அவள் அடிக்கவில்லை, அழவில்லை. அவனுடைய முகத்தை, இத்தனை நாள் தாயே தாயே என்று பார்த்த முகத்தை, யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் கூனிக் குறுகிப் போனான்.

"தடிப்பு வந்தா இன்னா பண்ணச் சொன்னாங்க?"

"அன்னிக்கே வரச் சொன்னாங்க."

"எந்திரி."

ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த தங்கவேலுவுக்குப் போன் போட்டாள். அவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது கோவிந்தம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்து வாசற்படியை மறித்தாள்.

"தண்ணி ஊத்தாம எங்கடி இஸ்துக்கினு போற? ஆத்தா கண்ணப் புடுங்கிடுவா!"

"கண்ணு ஏற்கெனவே செவந்து கெடக்குது, நீயே பாரு அத்த. இது அம்ம இல்ல. மாத்திர ஒத்துக்கல."

"இன்னா மாத்திர?"

ஹரிப்ரியா அவனைப் பார்த்தாள். நீ சொல்கிறாயா என்பதுபோல் ஒரு கணம் நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அரிப்புக்குக் குடுத்த மாத்திர" என்றாள். "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வழிய வுடு."

வாசலில் செருகியிருந்த வேப்பிலையை அவளே பிடுங்கிப் போட்டாள். எதிரே நின்ற வரலட்சுமி "அய்யய்யோ தல்லீ" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். தனக்காக ஹரிப்ரியா பொய் சொன்னாள் என்பது, ட்யூப் மூடியைப் பற்றி அவள் கேட்ட கேள்வியைவிட அவனை அதிகமாக அறுத்தது. ஆட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. திருப்பதி வரைக்கும் அந்த இடம் அப்படியே இருந்தது.

டாக்டர் அவன் வாயையும் கண்ணையும் பார்த்துவிட்டு மாத்திரைகளைக் கேட்டு வாங்கினார். வெள்ளை மாத்திரை அட்டையில் எவ்வளவு காலியாகியிருக்கிறது என்று பார்த்தார். "தடிப்பு வந்த பிறகும் இதைச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தீங்களா? இதுதானே அதுக்குக் காரணம். இன்னும் விட்டிருந்தா தோல் உரிஞ்சு போயிருக்கும். உயிருக்கே ஆபத்து" என்றார். அதை நிறுத்தச் சொன்னார், வார்டில் படுக்க வைக்கச் சொன்னார். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது ரேகா வந்தாள். கட்டிலருகே நின்ற ஹரிப்ரியாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

ரேகாவின் முகம் மலர்ந்தது. "மஞ்சி பனி சேசினாரு. ரொம்ப நல்ல காரியம். எத்தனையோ பேர் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. நீங்க பாரியாவை இங்க கூட்டிட்டே வந்துட்டீங்க. பெரிய மனசு வேணும் இதுக்கு."

இத்தனை நாள் காலில் விழுந்தவர்களுக்கெல்லாம் பேசாமல் வேப்பிலை கொடுத்தவன் அவன். இதையும் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பான்.

"எத்தினி வாட்டி சொன்னீங்க மேடம், என்னக் கூட்டியாரச் சொல்லி?" என்றாள் ஹரிப்ரியா.

ரேகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

"அவுரு என்னக் கூட்டியாரல மேடம். நான்தான் அவரக் கூட்டியாந்தேன்."

லோகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான். புண் வாயைத் திறப்பது கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் திறந்தான்.

"ஆமா மேடம். அவதான் கூட்டியாந்தா."

ஹரிப்ரியா அவன் பக்கம் திரும்பவில்லை. ரவிக்கைக் கையைத் தூக்கிவிட்டு, எந்தக் கையில் ரத்தம் எடுப்பீர்கள் என்று கேட்டாள். எதில் வேண்டுமானாலும் எடுக்கலாம், வா அம்மா, பயப்படாதே, இருந்தாலும் மருந்து இருக்கிறது என்று ரேகா அவள் தோளில் கைவைத்தாள். பயமில்லை என்றாள் ஹரிப்ரியா. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவன் கட்டிலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, பொரிகள் நிறைந்த கையை வெளிச்சத்தில் நீட்டினாள். ஊசி ஏறும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன்தான் திருப்பிக்கொண்டான்.