சொந்த நாட்டுக்குப் பூட்டு

மூன்றாவது வாரமாக நோரெலி கேமரா முன்னால் நின்று அரேப்பா என்கிற சோள அடை சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரமாக அது கருகிக்கொண்டும் இருந்தது. பூப்போட்ட ஏப்ரன், நெற்றியில் வேண்டுமென்றே இழுத்துவிட்ட ஒரு கற்றை முடி, கையில் மரக்கரண்டி. அடுப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்யும் இல்லத்தரசி என்பது இந்த மாதத்து வேடம். போன மாதம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் புத்தகம் படித்தாள். அதற்கு முந்தைய மாதம் என்ன செய்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. அன்றைய காணொளிக்கு வந்த கருத்துகளில் அதிகம் பேருக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்று: ‘அழகாத்தான் இருக்கீங்க, முதல்ல அடுப்பைக் குறைங்க.’

காசு கட்டிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் திறக்கும் பக்கம் ஒன்று நோரெலிக்கு இருந்தது. அங்கே அவள் பெயர் வலென்தீனா. அங்கே என்ன நடக்கும் என்பதை எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக விட்டுவிடலாம். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை; முப்பத்துநாலு வயதில் கால்சென்டர் வேலை போனபிறகு கைக்கு வந்த தொழில் அது. சிக்கல் அந்தப் பக்கத்தில் அல்ல. ஆட்களை அங்கே அழைத்துவர, எல்லோரும் இலவசமாகப் பார்க்கும் பொதுப்பக்கம் ஒன்று வேண்டும். நோரெலி அங்கேயும் வலென்தீனாதான். ஆடை மட்டும் அவிழ்க்கக் கூடாது. ஆனால் பார்க்கிறவன் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். இதைத்தான் லெய்டி ‘முன்வாசல்’ என்பாள். லெய்டி பதினோரு வருடம் இதே தொழிலில் இருந்துவிட்டு, இப்போது மெதெயின் நகரத்தில் இருபது பெண்களின் பக்கங்களைக் கவனித்துக்கொள்பவள். உள்ளே இருக்கிறது எல்லாக் கடையிலும் ஒரே சரக்குதான், முன்வாசலில் எதைத் தொங்கவிடுகிறாய் என்பதில்தான் வியாபாரம் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள்.

அந்தத் தொழிலில் இறங்கும் எந்தப் பெண்ணும் முதல் நாள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. காசுப் பக்கத்தைச் சொந்த நாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். கொலம்பியாவிலிருந்து யார் தட்டினாலும், ‘உங்கள் நாட்டில் இது கிடைக்காது’ என்று வரும். அம்மா, சித்தப்பா, பள்ளிக்கூடத்து வாத்தியார், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் அந்த ஒரு வரிக்கு அந்தப்பக்கம் நின்றுவிடுவார்கள். நோரெலியும் பூட்டியிருந்தாள். முன்வாசலை அப்படிப் பூட்ட வழியில்லை. அதனால்தான் அங்கே முகம் முழுசாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

கருகிய அரேப்பாவின் வாசனை போகாத அந்த மத்தியானம் லெய்டி நேரிலேயே வந்துவிட்டாள். உள்ளே வந்ததும் வராததுமாக நோரெலியின் புதுப் படங்களைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். தொடையின் பாதியில் கோடு கிழித்தாற்போல நிறம் மாறியிருந்தது. மேலே வெளுப்பு, கீழே நல்ல தாமிர நிறம். மணிக்கட்டிலும் அப்படியே, கையுறை போட்ட இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

“மூணு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க, இது என்ன ரெண்டு கலர் காலுன்னு. என்னடி பண்ற ஞாயித்துக்கிழமையில?”

சைக்கிள் ஓட்டுவதாக நோரெலி முணுமுணுத்தாள். லெய்டி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அடிப்பாவி. உன் உடம்பிலேயே எழுதி ஒட்டியிருக்கு. இத வச்சிக்கிட்டா எனக்கு மூணு வாரமா அடை சுட்டுக் காட்டின?”

நோரெலி முடியாது என்றாள். எது வேண்டுமானாலும் செய்கிறேன், தோட்டக்காரியாகிறேன், தையல்காரியாகிறேன், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடு என்றாள். லெய்டிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நோரெலிக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்படியே போனால் இரண்டு மாதத்தில் காசுப் பக்கத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்புறம் தொழிலுக்கு வந்த புதிதில் செய்ததுபோல ஸ்டுடியோவில் அறை எடுத்து, எட்டு மணி நேர ஷிப்டில் கேமரா முன்னால் உட்கார வேண்டும். அந்த ஷிப்டு ஞாயிறு காலையில்தான் களைகட்டும் என்று, மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமையை விற்றால்தான் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும். நோரெலி இரண்டு நாள் இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். வேறு வழி ஒன்றும் தட்டுப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் அவள் எவேலியோ என்று சொல்லியிருக்க மாட்டாள். மலை என்பாள், காற்று என்பாள். லாஸ் பால்மாஸ் மலைச்சாலையில் ஆறேழு பேர் சேர்ந்து சைக்கிளில் ஏறுவார்கள். தங்களுக்கு ‘ஆமைகள்’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள். எல்லோரும் அவர்களை முந்திப் போவார்கள், அவர்கள் யாரையும் முந்த மாட்டார்கள். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று யாரும் யாரையும் குடைந்ததில்லை. எவேலியோ பற்றி மட்டும் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரான இத்தகுயியில் இருக்கும் தையல் பட்டறைகளுக்கெல்லாம் மெஷின் பழுதுபார்ப்பவன் அவன். விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை ஞாயிற்றுக்கிழமையும் போகாது. நாற்பத்திரண்டு வயது. மனைவி பிரிந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. அவன் யாரையும் ‘நீ’ என்று கூப்பிட்டு நோரெலி கேட்டதில்லை.

ஒருநாள் அவளுடைய சைக்கிள் கைப்பிடியில் சுற்றியிருந்த நாடா கிழிந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பச்சை நாடா ஒரு சுருள் வாங்கிவந்தான். நடைபாதையில் உட்கார்ந்து, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று அரைவிரல் ஏறும்படி, புடவைக்கு ஓரம் தைப்பதுபோலச் சுற்றிக் கொடுத்தான். அதன்பிறகு ஏறும்போது அவள் பின்தங்கினால் அவனும் பின்தங்குவான். சங்கிலியைச் சரிசெய்வதுபோல இறங்கி நிற்பான். அந்தச் சங்கிலியில் ஒரு கோளாறும் கிடையாது. உலகத்தின் பாதி நாடுகளிலிருந்து ஆண்கள் காசு கட்டி அவளுக்காகக் காத்திருந்தார்கள். காசு கட்டாமல் காத்திருந்தவன் இவன் ஒருவன்தான். அவனோடு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிக்கொண்டு, இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பெரிய ஆசை எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் திறந்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை தனியாகப் போய்க் காணொளி எடுத்தாள். முகம் இல்லை. கழுத்தில் வழியும் வியர்வை, மூச்சு வாங்கும் சத்தம், கைப்பிடியைப் பற்றிய கைகள், கீழே பனிக்குள் கிடக்கும் நகரம். ‘மேலே வரை வருகிறாயா?’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே சின்னதாக, காசுப் பக்கத்துக்குப் போகும் ஒரு இணைப்பு. சனிக்கிழமைக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். லெய்டி போனில் அழுதேவிட்டாள். ‘கண்டுபிடிச்சிட்டோம்டி, இதுதான்டி உன் முன்வாசல்’ என்றாள். நோரெலிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலை எல்லோரும் கூடும் இடத்துக்கு அவள் போனபோது எவேலியோ மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து, அவள் பக்கத்தில் வந்து ஓட்டத் தொடங்கினான். முதல் வளைவு தாண்டியதும் வாயைத் திறந்தான்.

“நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க ரகசியமா வச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுது.”

நோரெலி பயந்துபோனாள். எதை என்று கேட்டாள்.

“அந்த வீடியோ. முகத்தை மறைச்சா தெரியாதா? நாடாவைச் சுத்தினது யாரு?” என்றான். “வலென்தீனாங்கிற பேரும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நோரெலிதான் உங்களுக்குப் பொருத்தம். எத்தனை லட்சம் பேரு! நாலு தடவ பார்த்தேன். உங்களுக்கு மூச்சு வாங்கறது அதுல அப்படியே கேக்குது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவனுக்கே கூச்சமாகிவிட்டது. காது மடல் சிவந்தது. அதைப் பார்த்தபோது இவன் ஒன்றும் அறியாதவன் என்று அவளுக்கு உறுதியாயிற்று. மூன்று லட்சம் பேரில் அந்தக் காணொளியை அதில் இருக்கிறபடியே, ஒரு பெண் மலையேறுகிறாள் என்று மட்டும் பார்த்தவன் இவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். பயம் விலகி, அந்த இடத்தில் ஓர் இனிமை வந்து உட்கார்ந்தது. இப்படியே இருந்துவிடாதா என்றிருந்தது.

“கீழ ஒரு லிங்க் போட்டிருக்கீங்கல்ல, அதுதான் திறக்கமாட்டேங்குது,” என்றான் அவன். “நம்ம நாட்டுல கிடைக்காதாம். என்னமோ கோளாறு. மாட்ரிட்ல இருக்கான்ல என் தம்பி ரூபியேல், அவனுக்கு இப்பதான் அனுப்பிவச்சேன், திறந்து பாத்துட்டு என்ன இருக்குன்னு சொல்லுடான்னு. அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். முடிச்சுட்டுக் கூப்பிடுவான்.”

நோரெலி பெடலை மிதித்துக்கொண்டே இருந்தாள். மிதிக்காவிட்டால் விழுந்துவிடுவாள் என்பதால் மிதித்தாள். எவேலியோ அரைச் சக்கரம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் சட்டையின் முதுகுப் பையில் போனின் நீள்சதுரம் துருத்திக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அவளுடைய பையிலும் போன் இருந்தது. எடுத்து இரண்டு தட்டுத் தட்டினால் ஸ்பெயினையும் பூட்டிவிடலாம். ரூபியேலுக்கும் அதே ஒரு வரி வரும்; கோளாறுதான் என்று அண்ணனும் தம்பியும் விட்டுவிடுவார்கள். ஒரு கையை விட்டுப் பின்னால் துழாவவும் செய்தாள். நியூயார்க்கில் தனக்கு ஒரு அத்தை இருப்பதாக எவேலியோ எப்போதோ சொல்லியிருந்தான். சிலியில் ஒரு நண்பன். அவளும் எத்தனை நாட்டைத்தான் பூட்டுவாள்? பூட்டிப் பூட்டிக் கடைசியில் யாருக்குத் திறந்துவைப்பது? இவன் ஒருவனுக்குத் திறக்க வேண்டும் என்றுதானே இத்தனை ஆசையும்.

கையை மறுபடி கைப்பிடிக்கே கொண்டுவந்தாள்.

“எவேலியோ, நில்லுங்க. கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க.”

அவன் உடனே நிறுத்தினான். மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு இறங்கினாள். சைக்கிள் சரியப் பார்த்தது. அவன் ஒரு கையால் தன் சைக்கிளையும் மறு கையால் அவளுடையதையும் பிடித்துக்கொண்டான். ஒரு லாரி முக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து ஏறியது. அதன் சத்தம் அடங்கியதும்தான் போன் அடிப்பது கேட்டது.

“ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. யாருன்னு கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன்,” என்று முதுகைத் திருப்பிக் காட்டினான்.

அவன் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. அவனை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. போனை எடுத்தாள். திரையில் மீசையோடு ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான், அதே காது மடல்.

“உங்க தம்பி.”

“அடிக்கட்டும். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க.”

போன் அவள் உள்ளங்கையில் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. பிறகு ஒருமுறை குட்டையாக அதிர்ந்தது. செய்தி வந்திருக்க வேண்டும். அவள் திரையைப் பார்க்கவில்லை. பழையபடி அவன் முதுகுப் பையிலேயே கொண்டுபோய் வைத்தாள்.

“அந்த லிங்க்ல கோளாறு ஒண்ணும் இல்ல. பூட்டினது நான்தான்,” என்று தொடங்கினாள்.

எவேலியோ இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றான்.